மார்ச் மாத ஸ்வெட்டர்கள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
12 ஜனவரி 2025

அன்புள்ள அமலி அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்து உங்கள் மடத்தில் பூட்டிவைத்த கடிதப் பெட்டியைத் திறந்திருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் சுகம். இருமல் மட்டும் போக மாட்டேன் என்கிறது. வீட்டில் என்னைத் தவிர சத்தம் போட வேறு யாரும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாளெல்லாம் முழந்தாளிடுகிறவளிடம் கேட்கக்கூடாத கேள்விதான், இருந்தாலும் கேட்கிறேன்.

ஊரே வாட்ஸ்அப்பில் பேசும்போது நான் மட்டும் போஸ்ட் ஆபீசில் போய் ஸ்டாம்பு கேட்கிறேன். கவுண்டரில் இருக்கிற அம்மா, "இன்னும் யாருக்கு மேடம் லெட்டர் எழுதறீங்க?" என்றாள். "எங்க அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கா, போன் கிடையாது" என்றேன். நீ ஜெயிலில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அதிலிருந்து என் கடிதத்துக்கு மட்டும் முத்திரையை மெதுவாகக் குத்துகிறாள்.

அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ் எப்படியோ போய்விட்டது. ஆம்ப்ரோஸ் சார் கேக் கொண்டுவந்து கொடுத்தார். அவரை உனக்குத் தெரியாது. எங்கள் ஸ்கூல் பி.டி. மாஸ்டர், கோவில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். எனக்கு இந்தக் கணக்கு டீச்சர் வேலையை வாங்கிக் கொடுத்தவர். அம்மா செத்தபோது பெட்டி தூக்கியவர்களில் முன்னால் நின்றவர்.

ஸ்கூலில் மத்தியானச் சாப்பாடுதான் எனக்குத் திருவிழா. ஸ்டாஃப் ரூமில் ஒரே நீள மேஜை. எல்லா டப்பாவும் நடுவில் போய்விடும், யார் எதை எடுத்தாலும் கேள்வி இல்லை. ஜெயலட்சுமியின் புளியோகரைக்கு (இந்த ஊர்ப் புளியோதரை) அடிதடி நடக்கும். பெர்னார்ட் சாருடைய மீன் வறுவல் மூடி திறந்த வேகத்தில் காணாமல் போகும். என் முட்டைக்கோஸ் மட்டும் பத்திரமாக என்னிடமே திரும்பி வரும்.

இன்னொரு சந்தோஷம், ஒன்பதாம் கிளாஸ் பெண்கள் த்ரோபாலில் ஜெயித்திருக்கிறார்கள். கேப்டன் மகா, மர்பி டவுன் பெண். கணக்கில் முட்டை வாங்கினாலும் கிரவுண்டில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஜூலையில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கும்போது அவள் பெயர் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மதருக்கு என் தோத்திரம். (கடிதத்தைப் பிரித்துப் படிப்பது நீங்கள்தான் என்று தெரியும் மதர், அதனால் நேரடியாகவே சொல்லிவிட்டேன்.)

உன் தங்கை
ஜெசிந்தா


27 ஜனவரி 2025

ஜெஸிக்கு, கிறிஸ்துவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்து மதர் சிரித்த சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. ஜெயில் விஷயத்தை அவர் மற்ற சகோதரிகளிடமும் சொல்லிவிட்டார். இப்போது என்னைக் கைதி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முழங்கால் இருக்கிறது. குளிர் நாளில் தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. தவக்காலம் நெருங்குவதால் அப்பம் சுடும் வேலை அதிகம். சுற்றியுள்ள எல்லாக் கோவில்களுக்கும் இங்கிருந்துதான் பூசை அப்பம் போகிறது. நாள் முழுக்க இரும்புத் தட்டின் முன்னால் நிற்கிறேன். யாரும் பேசுவதில்லை, மாவு சுர்ரென்று வேகும் சத்தம்தான். உனக்கு இது தண்டனையாகத் தெரியும், எனக்கு இதுதான் விருந்து.

மார்ச் ஐந்து சாம்பல் புதன். அதிலிருந்து ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்பது உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியது இருந்தால் அதற்குள் எழுது. மருந்து வாங்கிச் சாப்பிடு. இருமலைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதே.

உனக்காக மன்றாடும்
அமலி அக்கா


லிங்கராஜபுரம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

மருந்து வாங்கினேன், இருமல் போய்விட்டது. வீடு இப்போது ரொம்ப அமைதி. நீ சௌக்கியமா?

இந்த வருஷம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. மத்தியானம் என் கிளாசில் ஃபேன் சுற்றுகிறது, காற்று வருவதில்லை. பையன்கள் சட்டைப் பட்டனை அவிழ்த்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். கழுத்துவரை பட்டன். நான் முதலில் ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்துக் கிண்டல்கூடப் பண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை.

மகாவை நிறுத்திக் கேட்டேன். "இன்னாடி இது, வேர்வை ஊத்துது, கழட்டேன்" என்றேன்.

"ஸ்வெட்டர் போட்டா செக்கிங் இல்ல மிஸ்" என்றாள்.

"என்ன செக்கிங்?"

"யூனிஃபார்ம் செக்கிங். சட்டை உள்ள வுட்டுகினு இருக்கமா, பெல்ட்டு சரியா கீதான்னு. ஆம்ப்ரோஸ் சார் ஸ்கேல் வெச்சுகினு பாப்பாரு. பொண்ணுங்களுக்கு மட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் இரண்டு நாள் காரிடாரில் நின்று பார்த்தேன். ஸ்கேலைப் பிடிக்க ஒரு கை போதும் அக்கா. அவருக்கு இரண்டு கை இருக்கிறது. இதற்கு மேல் எழுத மாட்டேன், மதர் படிப்பார், எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ பெண்தானே, உனக்குப் புரியும்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் பெட்டியைத் தூக்கிய கை அது. வாயைத் திறந்தால் என் வேலை போகும், அந்த மேஜை போகும், கோவிலில் முகம் காட்ட முடியாது. திறக்காமல் இருந்தால் தினமும் காலையில் அந்த ஸ்வெட்டர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். நீ சொல்கிறபடி செய்கிறேன். சாம்பல் புதனுக்கு முன்னால் பதில் போடு.

ஜெசிந்தா


25 பிப்ரவரி 2025

அன்பு ஜெஸி, உன் நலத்துக்காகத் தினமும் வேண்டுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். நீ யூனிஃபார்ம் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டாய் என்று தோன்றுகிறது. கொஞ்சம் கண்டிப்பான மாஸ்டர் இருப்பது நல்லதுதானே. நான் பயிற்சியில் நவகன்னியாக இருந்தபோது முக்காடு ஒரு விரல் நகர்ந்தால் பழைய மதர் எல்லோர் முன்னாலும் இழுத்துவிடுவார். அழுகை வரும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெண்களுக்கு மட்டும் சோதனை என்றால் அது நியாயம் இல்லை, அதை அவரிடமே தனியாகச் சொல்லு. நம் குடும்பத்துக்கு அவ்வளவு செய்தவர், கேட்டுக்கொள்வார்.

அவசரப்படாதே. தவக்காலம் முடியட்டும், அதுவரை ஆறப்போடு. நாற்பது நாள் என்பது ஒன்றுமே இல்லை.

அமலி அக்கா


லிங்கராஜபுரம்
9 மார்ச் 2025

அக்கா,

சாம்பல் பூசியாகிவிட்டது. இந்தக் கடிதம் மதரின் பெட்டிக்குள் தூங்கி, ஈஸ்டருக்குத்தான் உன் கையில் வரும். தெரிந்தேதான் எழுதுகிறேன். பேசுவதற்கு வேறு ஆள் இல்லை.

உன் பதிலைப் படித்து எனக்கு மனசு விட்டுப்போயிற்று. எல்லாம் புரிந்துகொண்டு, புரியாத மாதிரி முக்காட்டுக் கதை சொல்கிறாயே என்று கோபம். ஆறப்போடு என்று நீயும் சொல்லிவிட்டாய். நானும் ஆறப்போடத்தான் பார்த்தேன். முடியவில்லை. பிரின்சிபால் சீதாலட்சுமி மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு டிரெய்னிங் நடந்தது. வெளியிலிருந்து ஒரு அம்மா வந்து, குழந்தைக்கு நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம், சமோசா சாப்பிட்டோம். குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிய எழுத்தில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். அந்தப் போஸ்டருக்குக் கீழேதான் ஆம்ப்ரோஸ் சார் ஸ்கேலோடு நிற்கிறார்.

மேடம் என் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஜெசிந்தா, வாயால சொல்லியிருந்தா நானே கூப்பிட்டுக் கண்டிச்சிருப்பேனே. எழுத்துல எதுக்கு? ஸ்கூல் பேரு இருக்குல்ல? நான் பாத்துக்கறேன், விடுங்க" என்றார்.

பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை சர்க்குலர் வந்தது. பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு இனி அவர்களுக்கு பி.டி. பீரியட் கிடையாது. த்ரோபால் டீம் கலைக்கப்படுகிறது. ஏறி இறங்கப் பின்பக்கப் படிக்கட்டு. எல்லாப் பருவத்திலும் பெண்களுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். ஆம்ப்ரோஸ் சார் கிரவுண்டில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார், பையன்கள் ஓடுகிறார்கள். பெண்கள் கிளாசில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். தப்பு செய்தவருக்கு மைதானம், பட்டவர்களுக்குச் சுவர். இதற்கா நான் எழுதிக் கொடுத்தேன்?

புகார் கொடுத்தது யார் என்று சர்க்குலரில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் சுகம்தான். இப்போதெல்லாம் லஞ்ச் நேரத்தில் நோட்டுத் திருத்துகிறேன், வேலை சீக்கிரம் முடிகிறது. உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஜெசிந்தா


லிங்கராஜபுரம்
23 மார்ச் 2025

அக்கா,

நீ படிக்காத கடிதத்தில் நலம் விசாரிப்பது வேடிக்கையாக இருக்கிறது. இருந்தாலும், நலமா?

மகா என்னிடம் பேசுவதில்லை. பரீட்சை முடிந்து வெளியே வந்தவளைக் கூப்பிட்டேன். நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ஏன் மிஸ் போய் சொன்னீங்க? ஸ்வெட்டர் போட்டுகினு நாங்க எப்படியோ சமாளிச்சுகினுதான இருந்தோம். இப்ப த்ரோபாலே இல்ல. ஜூலைல செலக்ஷனுக்கு நான் இன்னாத்த எத்துகினு போவேன்?" என்றாள். அவள் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

அவள் அம்மா ராதாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. டியூட்டி முடிந்து நேரே வீட்டுக்கு வந்தாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க மிஸ். ஆனா எம்பொண்ணு பேரு எங்கயும் வரக்கூடாது. ஏரியால தெரிஞ்சா நாளைக்கு இவளத்தான் கேப்பாங்க, அந்தாள கேக்க மாட்டாங்க" என்றாள். அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. டீ போட்டேன், குடிக்காமல் போய்விட்டாள். அதையும் நானே குடித்தேன்.

கோவிலுக்குப் போகிறேன். பாடகர் குழுவுக்குப் பின்னால் மூன்றாம் பெஞ்சு, அம்மாவோடு உட்கார்ந்த இடம். இப்போது அந்தப் பெஞ்சில் நிறைய இடம் இருக்கிறது. ஆம்ப்ரோஸ் சார் சிலுவைப்பாதைப் பாட்டை எடுக்கும்போது எல்லோரும் கூடப் பாடுகிறார்கள். அவர் குரல் நல்ல குரல் அக்கா, அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று குக்கர் மூன்றாவது விசில் அடிக்கவில்லை. "உனக்கும் என்கூடப் பேச்சு வார்த்தை இல்லையா" என்று அதனிடம் கேட்டேன். கேட்ட பிறகு அடித்தது. நான் உட்கார்ந்து அழுதேன்.

ஜெசிந்தா


லிங்கராஜபுரம்
6 ஏப்ரல் 2025

அக்கா,

இந்த ஒரு முறை மூடி மறைக்காமல் எழுதுகிறேன். மதர் படித்தாலும் படிக்கட்டும்.

பெல்ட் பார்க்கிறேன் என்று இடுப்பில் கை வைப்பார். சட்டை உள்ளே இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். பாட்ஜ் கோணல் என்று நெஞ்சில் நிமிர்த்துவார். அந்தப் பிள்ளைகள் கண்ணை மேலே எங்கேயோ வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும். நான் என் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்குப் பதினாலு வயசு. பிப்ரவரியில் நான் எழுத வெட்கப்பட்டது இதுதான்.

நேற்று மேடம் கூப்பிட்டார். ஒரு காகிதம் டைப் செய்து வைத்திருந்தார்கள். தவறான புரிதலில் புகார் கொடுத்துவிட்டேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஜூனில் என் வேலை தொடரும், பெண்களுக்கு பி.டி. பீரியடும் திரும்ப வரும், டீமும் வரும். யாரோடு வரும்? ஆம்ப்ரோஸ் சாரோடு. "எந்தப் பொண்ணும் வந்து சொல்லல ஜெசிந்தா. நீங்க மட்டும்தான் சொல்றீங்க. பதினஞ்சாம் தேதி யோசிச்சு முடிவா வாங்க" என்றார்.

மகாவுக்கு த்ரோபால் வேண்டும். அவள் அம்மாவுக்குப் பெயர் வரக்கூடாது. எனக்கு யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று இருக்கிறது. பேனாவை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும். கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

நாற்பது நாள் ஒன்றுமே இல்லை என்று எழுதினாய். இங்கே ஒவ்வொரு மத்தியானமும் நீளமாக இருக்கிறது. உங்கள் சட்டம் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், ஒரு வார்த்தை எழுது.

ஜெசிந்தா


11 ஏப்ரல் 2025

ஜெஸி,

இது தவக்காலத்தில் எழுதும் கடிதம். இந்த மடத்துக்கு வந்த நாளிலிருந்து நான் இப்படி எழுதியதில்லை.

நேற்று மதர் அப்பம் சுடும் அறைக்கே வந்தார். தட்டிலிருந்து என் கையை எடுக்கச் சொன்னார். உன் மூன்று கடிதங்களையும் கொடுத்து, "இப்பவே படி, இன்னைக்கே எழுது, சட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். பிப்ரவரிக் கடிதமே அவருக்குப் புரிந்துவிட்டதாம். எனக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்தாராம். நீ மதருக்குக் கூச்சப்பட்டு மறைத்து எழுதினாய். மதருக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள், ஸ்கேல் என்றால் ஸ்கேல் என்று நினைத்துவிட்டேன். நான் முக்காட்டுக் கதை எழுதிய அன்றைக்கு நீ எப்படி இருந்திருப்பாய் என்று நினைத்து நேற்று முழுக்க அழுதேன்.

கையெழுத்துப் போடாதே.

ஜனவரியில் யார் என்ன சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்று அரைப் பக்கம் எழுதினாய். மார்ச்சில் நோட்டுத் திருத்துகிறேன் என்று ஒரு வரி. உன்னை மேஜையிலிருந்து எழுப்பிவிட்டார்களா? என்னிடம் இதை ஏன் சொல்லவில்லை?

இங்கே நான் பேசாமல் இருக்கிறேன் என்றால், அது நானே கேட்டு வாங்கிக்கொண்டது. எனக்கு வேண்டும்போது மணி அடித்தால் யாராவது வருவார்கள். உன்மேல் அவர்கள் போட்டிருப்பதும் அந்தப் பிள்ளைகள்மேல் போட்டிருப்பதும் அது இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் ஆறப்போடு என்று எழுதினேன்.

தபால் எப்போது வந்து சேருமோ தெரியவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் வர வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். காரணம் அவர்களுக்குத் தெரியாது, மதர் சொல்லவில்லை.

அமலி


லிங்கராஜபுரம்
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பெரிய வியாழன் அன்றுதான் வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், பன்னிரண்டாம் தேதி, பத்தாம் கிளாஸ் போகிற பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தார்கள். என் பீரியட். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. மகா பெஞ்சோடு சரிந்து கிடந்தாள். உடம்பு நெருப்பு. பையன்களை வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்து, ஸ்வெட்டர் பட்டனை அவிழ்க்கப் போனேன். அவளுக்கு நினைவே இல்லை அக்கா. கண் மூடியிருக்கிறது, கழுத்து தொங்குகிறது, ஆனால் கை மட்டும் மேலே வந்து காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் இழுத்தேன், விடவில்லை. "மகா, நான்தான்டி, ஜெசிந்தா மிஸ்" என்று சொன்ன பிறகும் அந்தக் கை திறக்கவில்லை. ஸ்வெட்டரோடேயே அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்த பிறகுதான் கண் திறந்தாள்.

அன்று சாயந்திரம் காரிடாரில் அந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்று 1098-க்குப் போன் செய்தேன். என் பெயர், விலாசம், எல்லாம் சொன்னேன். பிள்ளைகளின் பெயர் வெளியே வருமா என்றுதான் முதலில் கேட்டேன். வராது, சட்டப்படியே வரக்கூடாது என்றார்கள். அதை ராதாவிடம் போய்ச் சொன்னேன்.

பதினைந்தாம் தேதி மேடத்தின் மேஜையில் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலேயே வைத்துவிட்டு வந்தேன். பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.

புதன்கிழமை குழந்தைகள் நலக் கமிட்டியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், சாதாரண உடுப்பில் ஒரு பெண் போலீசும் கூட. பிள்ளைகளை ஒவ்வொருவராக, அம்மாவோடு உட்கார வைத்துப் பேசினார்கள். முதலில் போய் உட்கார்ந்தது ராதா. ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடேயே வந்திருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று அம்மாக்கள் போனார்கள். ஆம்ப்ரோஸ் சார் மத்தியானமே ஸ்கூலில் இல்லை. கேஸ் போட்டிருக்கிறார்கள்.

நீ சந்தோஷப்படுவாய். எனக்குச் சந்தோஷம் இல்லை. பெரிய வியாழன் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் முன்னால் திரும்பிக் கைகூப்பினாள், பின்னால் திரும்பிக் கைகூப்பினாள், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் காற்றைப் பார்த்துக் கைகூப்பினேன். வீட்டுக்கு வந்தால் கதவுக்கடியில் உன் கடிதம். கையெழுத்துப் போடாதே என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போடாமல் விட்ட பிறகும் அதை யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ஆமாம் அக்கா, மேஜையில் எனக்கு இடம் இல்லை. எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தால் அவர்களுக்குச் சாப்பாடு முடிந்துவிடும். எழுதினால் நீ வருத்தப்படுவாய், வந்து பார்க்கவும் உன்னால் முடியாது. அதனால்தான் எழுதவில்லை.

மதருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருக்குப் பயந்துதான் நான் மறைத்தேன் என்பதையும் அவர் படித்துவிட்டார்.

ஜெசிந்தா


29 ஏப்ரல் 2025

அன்பு ஜெஸி, உயிர்ப்பின் மகிழ்ச்சி உன் வீட்டுக்கும் வரட்டும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு கோவிலில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை காலரை விடாததைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

ஒரு செய்தி. உன் கடிதங்களை இனிப் பிரிக்காமலேயே என்னிடம் தருவதாக மதர் சொல்லிவிட்டார். தவக்காலம், திருவருகைக்காலம் எதிலும் உனக்குப் பூட்டு கிடையாது. மற்ற சகோதரிகளுக்கும் தங்கைகள் இருக்கிறார்கள், அவர்களும் ஏதாவது மறைத்து எழுதியிருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மகா பேசினாளா? ஜூனில் உனக்கு வேலை உண்டா? மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று எழுது. அந்த இடத்தை நினைத்து மத்தியான மணி அடிக்கும்போது வேண்டிக்கொள்கிறேன்.

அமலி அக்கா


லிங்கராஜபுரம்
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்து, மழையும் ஆரம்பித்து, எனக்கு இருமலும் திரும்பி வந்துவிட்டது. பழைய ஆள், வா என்று சொல்லிவிட்டேன். உன் முழங்காலும் மழைக்கு எழுந்து உட்கார்ந்திருக்கும்.

வேலை இருக்கிறது. கமிட்டி ஆட்கள் மாதாமாதம் வந்து பார்ப்பதால் என்னை வேலையிலிருந்து நீக்க மேடத்துக்குத் தைரியம் இல்லை. ஆம்ப்ரோஸ் சார் கேஸ் நடக்கிறது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்ததைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் கூப்பிடுவார்கள். பழைய சர்க்குலரைக் கிழித்தாகிவிட்டது. வித்யாலட்சுமி என்று ஒரு புது பி.டி. டீச்சர் வந்திருக்கிறாள். சின்னப் பெண், ஸ்கேல் இல்லை, விசில் மட்டும்தான்.

மேஜை அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் என் நோட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா மூடியில் புளியோகரை இருந்தது. யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஜெயலட்சுமியின் மூடி எனக்குத் தெரியாதா? சாப்பிட்டுக் கழுவி அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள், பேசவில்லை.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். கிரவுண்டு ஓரத்தில், ஸ்போர்ட்ஸ் ரூம் படிக்கட்டில். மேலே தகரம் இருக்கிறது, மழை வந்தால் நனையாது. அந்த இடத்தைத்தான் நீ நினைத்துக்கொள்ள வேண்டும். இனி எழுதப்போவதை மதருக்கும் படித்துக் காட்டு.

வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. நான் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பந்து எடுக்க வந்தார்கள். முன்னால் மகா. மார்ச்சிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ரோல் கால் எடுத்தால் "பிரசென்ட்" மட்டும்தான். அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். ஸ்வெட்டர் பட்டனை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றி, உருட்டி, என் மடியில் போட்டாள்.

"மிஸ், இத்த பாத்துக்கோங்க" என்றாள். ஓடிவிட்டாள்.

அவ்வளவுதான் அக்கா. பின்னால் வந்தவளும் கழற்றிப் போட்டாள். அதற்குப் பின்னால் வந்தவளும். ஒருத்தி "என்னுதுல பாக்கெட்ல பஸ் பாஸ் இருக்கு மிஸ்" என்றாள். டீம் முழுக்க வந்து போட்டுவிட்டுப் போயிற்று. வெறும் அரைக்கைச் சட்டையோடு அவர்கள் கத்திக்கொண்டு விளையாடுகிறார்கள், வித்யாலட்சுமி விசில் ஊதுகிறாள், மேலே ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் யாரோ நின்று பார்க்கிறார்கள்.

என் மடியில் டப்பாவை வைக்க இடம் இல்லை. கீழே விழுந்துவிடாமல் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெல் அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

உன்
ஜெஸி